முந்தானையில் அணுகுண்டு

"ராஜஸ்தான்ல அணுகுண்டு வெடிச்சிட்டோம்பா! இனிமே ஒரு பய வாலாட்ட மாட்டான்," என்று ஜவுளிக்கடை அப்பாதுரை, தானே போர்முனையிலிருந்து திரும்பியவர்போல, தறிவீட்டுக்குள் முழங்குகிறார். தறிக்குழியில் ஒரு மிதியைக் குமாரவேல் அழுத்துகிறான். வங்காளப் போரில் அவன் விட்டுவந்த காலுக்குப் பதிலாக, மறு மிதியை மனைவி ஏலவார்குழலி அழுத்துகிறாள். கூரைக் கண்ணாடி வழியே விழும் வெயிலில் முதலாளியின் மோதிரங்கள் மின்னுகின்றன. அணுகுண்டின் காளான் புகையைத் தாம் வரைந்த படத்தை, தறியில் பூட்டிய பாவு நூலின்மேல் விரிக்கிறார். "முந்தானை பூரா இது, அசல் ஜரிகையில. மந்திரி சம்சாரத்துக்கு." குழலி படத்தை எட்டிப் பார்க்கிறாள். "கீழ செத்துக்கினு இருக்கிற ஆளுங்கள எங்க போடறது, மொதலாளி?" "ஆளுங்க எதுக்கும்மா? அழகு கெட்டுப்பூடும்." தறி நிற்கிறது. வீட்டில் இருப்பது முதலாளி கொடுத்த இந்த ஒரு பாவுதான்; இது போனால் கூலியில்லை. "பாவை அறுத்து எடுத்துக்கினு போங்க," என்கிறான் குமாரவேல். முதலாளியோ, புகையில் விழுந்த சுருக்கத்தை விரலால் நீவிக்கொண்டிருக்கிறார்.