பெருவிரல் வடு

ஞானரட்ணம் கொழும்பில் ஒரு பெரிய சட்டக் கம்பனியின் இளைய வழக்கறிஞர். விடுமுறையில் தலவாக்கலைக்கு வந்து, தேயிலைத் தோட்டத்து மக்களின் பிரஜாவுரிமை விண்ணப்பங்களை இலவசமாக முடித்துக் கொடுப்பார். ரேகை கலங்காமலிருக்க, ஒவ்வொருவர் பெருவிரலையும் தாமே பிடித்து மையில் உருட்டிப் பதிப்பார்.

அன்று ராக்காயியின் ரேகையில் குறுக்கே ஒரு வடு விழுந்தது. அடுத்து வந்த ஆண்டியப்பனுக்கும் அதே இடத்தில் அதே வடு. வரிசையில் வந்த எல்லாருக்கும் அப்படியே.

“செடி நறுக்குற கவ்வாத்துக் கத்தி வெட்டினதா?”

“இல்லீங்கய்யா, பொறந்ததுலேருந்தே இருக்கு,” என்றாள் ராக்காயி.

ஒரே ஆளின் ரேகையென்று கந்தோர் அதிகாரிகள் எல்லா விண்ணப்பங்களையும் தள்ளிவிடுவார்களே என்று அவர் பயந்தார். மையில்தான் கோளாறோ என்று, வடுவே இல்லாத தம் பெருவிரலைப் பதித்துப் பார்த்தார். குறுக்கே அதே வெள்ளைக் கோடு.

ராக்காயி எட்டிப் பார்த்தாள்.

“ஐயாவும் நம்ம தோட்டத்துலதான் பொறந்தீங்களா?”