இடக்கைக் கோடுகள்

கோடுகள் தப்பான பக்கம் சாய்ந்திருந்தன.

அவள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, முந்தானையில் துடைத்து, மறுபடியும் போட்டுக்கொண்டாள். கோடுகள் அப்படியேதான் இருந்தன.

எதிர் ஸ்டாலுக்குப் போகவே கூடாது என்று சென்னையில் விமானம் ஏறும்போதே முடிவு செய்திருந்தாள். டில்லியில் நடக்கும் இந்தக் கலைக் கண்காட்சிக்குப் பதினாறு வருடமாகத் தன் கேலரியைத் தூக்கிக்கொண்டு வருகிறவள். பழைய கேலரிக்காரர்களுக்கு ஒரு வித்தை தானாகவே கைவந்துவிடும். எதிர் ஸ்டாலைப் பார்க்காததுபோலவே முழுக்கப் பார்த்துவிடுவார்கள். அவளும் காலையிலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

கடைசியில் கால் கேட்கவில்லை.

எதிர் ஸ்டால் மும்பைக்காரர்களுடையது. மூன்று சுவர் நிறைய கோதண்டத்தின் புதுப் படங்கள்.

கோதண்டம் முப்பத்தோரு வருடம் அவளுடைய ஓவியர். யாரும் சீண்டாத காலத்தில் அவர் படங்களை ஊர் ஊராகச் சுமந்தவள் அவள். இரண்டு வருடத்துக்கு முன் இரண்டு வரியில் ஒரு கடிதம் அனுப்பிவிட்டு மும்பைக்காரர்களிடம் போய்விட்டார். அதையும் யாரோ டைப் அடித்திருந்தார்கள்.

அவள் என்ன ஏது என்று ஒரு போன்கூடச் செய்யவில்லை. ரோஷம்.

அவர் இடக்கைக்காரர். ஒரு படத்துக்கு ஆயிரக்கணக்கில் மெல்லிய மைக்கோடுகள் இழுப்பார். எல்லாம் இடது மேலிருந்து வலது கீழாகச் சரியும். எந்தப் படத்தை எடுத்தாலும் அப்படித்தான். பார்க்கிறவர்கள் யாரும் அதைக் கவனிப்பதில்லை. அவள் அந்தக் கோடுகளோடு பாதி ஆயுளைக் கழித்தவள்.

இங்கே எல்லாம் வலது மேலிருந்து இடது கீழாக வந்தன.

வலக்கை.

வேறு யாரோ.

அந்த ஸ்டால் மூலையில் கோதண்டம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வாய் லேசாகக் கோணியிருந்தது. மடியில் போட்டிருந்த சால்வைக்குக் கீழே இடது கை தெரிந்தது. விரல்கள் உள்ளே மடங்கி அசையாமல் கிடந்தன. மும்பைக்காரர்களின் ஆள் ஒருவன் நாற்காலியின் பிடியை விடாமல் பக்கத்திலேயே நின்றிருந்தான்.

பக்கவாதம் வந்திருக்கிறது. அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அவளும் யாரையும் கேட்கவில்லை.

ரோஷமெல்லாம் நின்ற இடத்திலேயே வடிந்துபோனது. ஒரே ஒரு போன் செய்திருக்கலாம்.

"அம்மா, நல்ல நேரத்துல வந்தீங்க."

கோயம்புத்தூர் சென்னியப்பன். மில்காரர். கோதண்டத்தின் படத்தை முதன்முதலில் அவளிடம் வாங்கியவர். அவள் தலையாட்டாமல் ஒரு படமும் வாங்கியதில்லை. ஆயிரம் சான்றிதழ் இருக்கட்டும், அந்தம்மா சொல்லணும் என்பார்.

நடுச் சுவரில் இருந்த பெரிய படத்தின் முன்னால் நின்று தாடையைத் தடவினார்.

"என்னமோ மனசுல ஒட்டமாட்டேங்குதுங்க. நீங்க சொல்லுங்க. இது அவரு கையால போட்டதுதானுங்களே?"

நாற்காலி மூன்றடி தள்ளி இருந்தது.

இல்லை என்று ஒரு வார்த்தை. சாயங்காலத்துக்குள் கண்காட்சி முழுக்கத் தெரிந்துவிடும். மும்பைக்காரர்கள் மூட்டை கட்ட வேண்டியதுதான். இரண்டு வருட வயிற்றெரிச்சல் ஒரே நாளில் தீர்ந்துபோகும்.

ஆனால் அவர்? ஐம்பது வருடம் வரைந்து சேர்த்த பெயர், எழுபத்தெட்டு வயதில், இத்தனை பேர் முன்னால் சந்தி சிரிக்கும். எழுந்து போகக்கூட அவரால் முடியாது.

ஆமாம் என்றால் அவள் வாக்கு போய்விடும். இந்தத் தொழிலில் அவளிடம் மிச்சம் இருந்ததே அது ஒன்றுதான்.

அவள் கோதண்டத்தைப் பார்த்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் இமைக்காமல். காட்டிக்கொடுத்துவிடாதே என்று கெஞ்சுகிறார் என்று அவளுக்குப் பட்டது. அவளுக்குப் பொறுக்கவில்லை.

"அவர் போட்டதுதான் சார். இதுல என்ன சந்தேகம்?"

கோதண்டத்துக்குக் காது மந்தம். அவர் காதிலும் விழட்டும், நிம்மதியாக இருக்கட்டும் என்று குரலை உயர்த்தியே சொன்னாள்.

சென்னியப்பன் முகம் மலர்ந்துவிட்டது. "அப்பச் சரிங்க, எடுத்துக்கலாம்" என்றார். போட்டோ எடுத்தே ஆக வேண்டும் என்று அவளையும் இழுத்துக்கொண்டு போய் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். மும்பைக்காரர்களின் ஆள் பிடியை விட்டுவிட்டு, போனை எடுத்துக்கொண்டு எதிரே போனான்.

கோதண்டம் வலது கையால் அவள் புடவையைப் பிடித்து இழுத்தார். அவள் குனிந்தாள். வார்த்தைகள் குழறி, மெதுவாக வந்தன. அவளுக்கு மட்டும்தான் கேட்டது.

"உனக்குக்கூடத் தெரியலையாம்மா?"

அவர் கெஞ்சியதென்னவோ உண்மைதான். அவள் நினைத்ததற்காக இல்லை.

பதில் சொல்ல வேண்டுமானால் கத்தித்தான் சொல்ல வேண்டும். சென்னியப்பனின் தோள் அவள் தோளில் இடித்துக்கொண்டிருந்தது.

அவள் மடிச் சால்வையை இழுத்து அவர் இடது கையை மூடிவிட்டாள்.

அவர் புடவையை விட்டுவிட்டார்.

"அப்ப என் பேர்ல போடறவன் நல்லாத்தான் போடறான்" என்றார். சொல்லிவிட்டு, எல்லாரையும்போல அவரும் கேமராவைப் பார்த்தார்.