ரெண்டு பிக்கப்

“ரெண்டு பிக்கப் வந்திருக்குங்களா? சரிங்க, நாளைக்கே வந்து பாத்து எடுத்துக்கறேன்.”

சௌந்திரம் போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். பின்னால் மாமனார் மருதாசலம்.

“பிக்கப்பா அம்மிணி?”

மூன்று லாரி ஓடும் வீடு அது. அங்கே பிக்கப் என்றால் வேன்தான், வேறு அர்த்தமே கிடையாது.

“வெள்ளியங்கிரி சொல்லி வெச்சுட்டுப் போனானாக்கும்? நல்லதாப் போச்சு. கோழித் தீவனம் ஏத்த லாரி எதுக்கு, சின்ன வண்டி ஒண்ணு வேணும்னு நானே நெனச்சேன்.”

“மாமா, அது வந்துங்க…”

“நானும் இவகூடப் போயிப் பாத்துட்டு வாரேனுங்க” என்று சமையல் கட்டிலிருந்து மாமியார் கந்தம்மாள் குரல் கொடுத்தாள். “பொம்பளைக ஏறி எறங்கத் தோதா இருக்கோணுமில்ல?”

தொலைந்தோம் என்று நினைத்துக்கொண்டாள் சௌந்திரம்.

அவள் கேட்டது எலெக்ட்ரிக் கிதாருக்கான பிக்கப். கம்பிகளுக்கு அடியில் இருந்துகொண்டு அவை அதிர்வதை ஸ்பீக்கருக்கு அனுப்புகிற சின்னப் பட்டை.

கான்வென்டில் படிக்கும்போது பழகிய கிதார். குழந்தை பிறந்ததும், “தாயான பொண்ணுக்குக் கரண்டுப் பாட்டு எதுக்கு? பரண்ல போடு” என்றுவிட்டார் மாமனார். அவர் லாரி ஷெட்டுக்குப் போன பிறகு, மத்தியானத்தில், அவள் அதை இறக்கிக்கொள்வாள். சத்தத்தைக் குறைத்து வைத்தாலும் பழைய பிக்கப் ‘உய்ங்’ என்று இரைந்துகொண்டே இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை டவுனில், ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில், ஒரு கல்யாண வரவேற்பு. ஆர்கெஸ்ட்ரா நடத்தும் நசுருல்லா கறாராகச் சொல்லியிருந்தார்: “இரைச்சல் இல்லாம வந்தா உனக்கு இடம். இருந்தா வேற ஆளைப் போட்டுக்குவேன்மா.”

இதை விட்டால் இனி யாரும் கூப்பிடப் போவதில்லை. அது தெரிந்துதான் அவள் கணவன் வெள்ளியங்கிரி, பம்பாய் லோடுக்குப் போகும் வழியில், கிதாரைச் சூரமங்கலத்தில் வாத்தியம் பழுது பார்க்கும் கடையில் இறக்கிவிட்டுப் போயிருந்தான்.

மறுநாள் பஸ்ஸில் பக்கத்து வீட்டு அங்கம்மாள் விடவில்லை.

“கைக்கொழந்தையத் தூக்கிட்டு மாமியாளும் மருமவளும் எங்க கெளம்பீட்டீங்க?”

“பிக்கப் வாங்க” என்றாள் கந்தம்மாள், பஸ்ஸுக்கே கேட்கும்படி.

“அட, என்ன கலரு?”

“போயித்தான் பாக்கோணும்.”

“அத்தை, நீங்க நெனைக்கற பிக்கப்…” என்று சௌந்திரம் ஆரம்பித்தாள்.

“சாமி அழுவறான் பாரு. மொதல்ல பாலைக் குடு.”

கடைக்காரர் கரீம் பாஷா தினத்தாளை விரித்து இரண்டு பட்டைகளை எடுத்து வைத்தார்.

“இதா பிக்கப்பு?” என்றாள் கந்தம்மாள்.

“ஆமாங்க அத்தை” என்றாள் சௌந்திரம், தரையைப் பார்த்தபடி.

கந்தம்மாள் பேரனை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

கரீம் பாஷா ஒன்றை மாட்டிக் கொடுத்தார். சௌந்திரம் வாசித்தாள். ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகத் தெறித்தது. கையை எடுத்ததும், லேசாக, அதே உய்ங்.

“இது ஒத்தைக் காயில், உள்ள கம்பிச் சுருள் ஒண்ணுதான். அப்படித்தான் இரையும். ஆனா டிரம்ஸ் சத்தத்தையும் தாண்டிக் கேக்கும்.”

அடுத்ததை மாட்டினார். நாதம் கொஞ்சம் தடித்திருந்தது. கையை எடுத்தாள். இரைச்சலே இல்லை.

“இது ரெட்டைக் காயில். என்ன ஒண்ணு, கூட்டத்துல அமுங்கிப் போவும். வூட்டுல தாலாட்டு வாசிக்கத்தானே? இது போதும்மா.”

சௌந்திரம் நிமிர்ந்தாள். பதில் கரீம் பாஷாவுக்கு, பார்த்தது மாமியாரை.

“வூட்டுல இல்லீங்க பாய். மேடையில.”

கிதாரைக் கரீம் பாஷாவிடம் நீட்டினாள்.

“ரெட்டைக் காயிலையே போடுங்க. அமுங்காமப் பாத்துக்கறது என் கையோட பாடு.”

ஊர் வந்து சேரும்வரை கந்தம்மாள் பஸ் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது சௌந்திரத்துக்கு.

வாசலிலேயே நின்றிருந்தார் மருதாசலம். “எங்கம்மிணி வண்டி?” என்றவர் அவள் தோளில் தொங்கிய கிதார் உறையைப் பார்த்துவிட்டார்.

“வண்டி இல்லீங்க மாமா. கிதாருக்குத்தான் பிக்கப். மாட்டிட்டு வந்துட்டேன். ஞாயித்துக்கெழம ஃபேர்லேண்ட்ஸ்ல மேடையில வாசிக்கறேன்.” மூச்சு வாங்கினாள். “நீங்க திட்டுனாலும் வாசிப்பேனுங்க.”

மருதாசலம் மனைவி பக்கம் திரும்பினார். “கேட்டியா இவ பேச்சை? வேனுன்னு பொய் சொல்லி உன்னையுமில்ல பஸ்ஸேத்தி அலைய உட்டிருக்கா! இப்படியா ஏமாறுவ?”

கந்தம்மாள் தூங்கிப்போன பேரனை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

“அவ எப்பங்க வேனுன்னு சொன்னா? ஏறி எறங்கோணும்னு சொன்னது நானு. மத்தியானமெல்லாம் செவுத்துக்கு அந்தப் பக்கம் படுத்துக்கிட்டு அவ வாசிக்கறதைக் கேக்கறவளும் நானு. பாட்டெல்லாம் நல்லாத்தான் இருக்குது. அந்த உய்ங் சத்தந்தான் என்னைக்கு ஒழியும்னு இருந்தேன்.”

“ஏய்…”

“ஞாயித்துக்கெழம பேரனைத் தூக்கிக்கிட்டு நானும் ஃபேர்லேண்ட்ஸ் போறேனுங்க. நீங்க வேணும்னா அன்னைக்குப் போயி வேன் பாத்துட்டு வாங்க.”