நூற்றுப் பதினேழாவது கட்டம்

அம்மா மூன்றாவது முறையாக டிவித் திரையில் விரல் வைத்து எண்ணிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"மாடம்மா இருக்கா. சுசீலாபாய் இருக்கா. நான் எங்க மக்களே?"

போனக்காடு எஸ்டேட்டில் அம்மாவின் செட்டுப் பெண்கள் கொழுந்து பறிக்கும் படம் அது. முப்பத்தைந்து வருஷத்துக்கு முந்தைய, மங்கிப்போன சின்ன போட்டோ. எங்களோடு எஸ்டேட்டில் வளர்ந்த அனூப் அதை இருநூறு கட்டங்களாக வெட்டி, ஆளுக்கொன்றாகப் போனிலேயே வரையச் சொல்லி எங்களுக்கு அனுப்பியிருந்தான். எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் பிறந்து ஊர் ஊராகச் சிதறிய பிள்ளைகள்தான் எல்லோரும்.

வரைந்ததையெல்லாம் ஒட்டிச் சேர்த்து இன்று அனுப்பும்வரை முழுப் படத்தை யாருக்கும் காட்டவில்லை. கட்டங்களைக்கூடத் தலைகீழாகத்தான் அனுப்பினான். முகம் என்று தெரிந்தால் ஆளாளுக்குப் பவுடர் பூசிவிடுவார்களாம். தலைகீழாக இருந்தால் கண் பார்ப்பதைக் கை அப்படியே வரையுமாம்.

இளவயதில் எடுத்த படம் அம்மாவிடம் ஒன்றுகூடக் கிடையாது. கல்யாணத்துக்கும் எடுக்கவில்லை. இந்தப் படத்துக்காக ஒரு மாதமாக நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். இன்று காலையிலேயே குளித்து நல்ல புடவை கட்டி உட்கார்ந்துவிட்டாள், என்னவோ இனிமேல்தான் போட்டோ எடுக்கப் போகிற மாதிரி.

எல்லோரும் உயிரைக் கொடுத்து வரைந்திருந்தார்கள். துபாயில் இருக்கும் நீது, மாடம்மாளின் மூக்குத்தியைக்கூட விடவில்லை.

மாடம்மாளுக்கும் சுசீலாபாய்க்கும் நடுவில் மட்டும் வெறும் பச்சை. தேயிலைச் செடி.

அது நூற்றுப் பதினேழாவது கட்டம். நான் வரைந்தது.

வரைந்தேனாம், பெரிய வரைதல்! சாலை பஜாரில் பெயிண்ட் கடையில் நாள் முழுக்கக் கலர் கலக்குகிறவன் நான். மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வந்தது. கறுப்பும் வெளுப்புமாக ஒரு திட்டு. இலைதானே, இதில் வரைய என்ன இருக்கிறது என்று பச்சையை ஒரு தட்டுத் தட்டினேன். கட்டம் நிரம்பியது. சோற்றுக் கை காய்வதற்குள் அனுப்பியும்விட்டேன்.

இப்போது அனூப் அனுப்பியிருந்த அந்தத் துண்டைப் போனில் தேடி எடுத்தேன். போனைத் தலைகீழாகத் திருப்பினேன்.

தலைத்துணிக்குக் கீழே அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள்.

போனை அவளிடம் நீட்டினால் போதும். நீட்டினால், பச்சை அடித்தது யார் என்று சொல்ல வேண்டும். பெற்ற தாயின் முகம் எனக்கு இலைக்குவியலாகத் தெரிந்தது என்று சொல்ல வேண்டும்.

போனைக் கவிழ்த்து வைத்தேன்.

அம்மா கொஞ்ச நேரம் அந்தப் பச்சையையே பார்த்தாள். பிறகு விரலை எடுத்துக்கொண்டாள்.

"அன்னைக்கு உனக்குக் காய்ச்சலா இருந்திருக்கும் மக்களே. நீ சுகமில்லாம கிடந்தா நான் வேலைக்குப் போவ மாட்டேன், கேட்டியா."

"அப்படித்தான் இருக்கும்மா" என்றேன்.