ஆட்ரியின் வக்கீல் பில்

லீட்ஸ் நீதிமன்ற வராந்தாவில், டெரிக் தேநீரை ஆற்றி ஆட்ரியிடம் நீட்டினார்.

"வக்கீல் தன் பில்லுல கால்வாசி குறைச்சுக்கிறேங்கிறாரு. ஒத்துக்கோ, ஆட்ரி."

"மாட்டேன். பில் அதிகம்னு நான் போட்ட கேஸ்ல ஜட்ஜ் இன்னும் குறைப்பாரு."

"குறைக்கலேன்னா? வலிய வந்த சமரசத்தை வேணாம்னு சொன்னதுக்கு, இந்த விசாரணைச் செலவும் உன் தலையில விழும். எனக்குப் பயமா இருக்கு."

டெரிக்கின் முகத்தைப் பார்த்ததும் ஆட்ரியின் பிடிவாதம் தளர்ந்தது. வக்கீல் இருந்த அறைக்குள் போய்ச் சம்மதம் சொன்னார்.

நிம்மதியோடு வெளியே வந்த வக்கீல் டெரிக்கைக் கண்டு திகைத்தார்.

"இவர்கிட்டேருந்து விவாகரத்து வாங்கிக் கொடுத்ததுக்குத்தானே மேடம் அந்த பில்லே!"

"ஆமா," என்ற ஆட்ரி, டெரிக்கின் கையைக் கோத்துக்கொண்டார். "வேலையை ஒழுங்கா முடிச்சிருந்தா முழுசாக் கொடுத்திருப்பேனே!"