எட்டாவது இதழ்

மகள் தமயந்தி சொல்லாமல் கொள்ளாமல் போய்க் கல்யாணம் செய்துகொண்ட அன்றே வைத்தியலிங்கம் அவளைத் தலைமுழுகிவிட்டார். சுவரிலிருந்த அவள் படங்களையும் கழற்றியாயிற்று. ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த காலத்தில் அவர் வாங்கிய ஆஸிலாஸ்கோப்தான் மிச்சம். மின்னலைகளைப் பச்சைக் கோடாகக் காட்டும் அந்தப் பெட்டியில், போன நவராத்திரிக் கொலுவுக்கு அவள் எட்டிதழ்த் தாமரை ஒன்றை மலர வைத்திருந்தாள். வந்தவர்கள் வாயைப் பிளந்து பார்த்ததில் அவருக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. ஒன்பது நாளும் அணைக்க விடவில்லை. ஒளி ஒரே இடத்தில் நின்றதில் தாமரை கண்ணாடிக்குள் பழுப்புத் தழும்பாகப் பதிந்துவிட்டது.

பெட்டியைத் தூக்கிப் போட்டால் தெரு காரணம் கேட்கும். அதனால் வெளிச்சத்தை முழுக்க ஏற்றி, ஒவ்வொரு இதழைச் சுற்றியும் மணிக்கணக்கில் நிறுத்தி, இதழ் தனியாகத் தெரியாதபடி அந்த இடத்தையே கருக்கினார். நான்கு நாளில் ஏழு இதழ்கள் கருமைக்குள் போய்விட்டன.

எட்டாவதற்கு ஒளியை நகர்த்தியபோது மனைவி செண்பகவல்லி வந்து நின்றாள்.

“அது ஒண்ணாவது இருந்துட்டுப் போகட்டுங்க.”

“யாரு போட்ட பூ அது? அப்படி யாரும் இந்த வீட்டுல இல்ல.”

“இல்லாதவளுக்காகவா நாலு நாளா சோறு தண்ணி இல்லாம உக்காந்திருக்கீங்க?”

அவர் குமிழை இன்னும் திருகினார். அவள் சட்டென்று உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்து அந்த இதழை மூடினாள். விரலிடுக்கில் பச்சை கசிந்தது.

“இப்ப என்ன பண்ணுவீங்க?”

கருகுவது கண்ணாடிக்கு உள்ளே. வெளியே கை வைத்து அதை நிறுத்த முடியாது என்பது அவருக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. கையை எடு என்று அவர் சொல்லவில்லை. குமிழையும் குறைக்கவில்லை.