பச்சைத் திரை

ஆஸ்பத்திரி வார்டில் தன் கடைசி நாள் காலையில் தாரணி, இளநீர் வேண்டுமென்று கணவன் குணசீலனைக் கடைக்கு அனுப்பினாள். அவன் திரும்பியபோது கட்டிலைச் சுற்றிப் பச்சைத் திரை இழுத்துவிடப்பட்டிருந்தது. உள்ளே அவளும் நர்ஸ் பொற்கொடியும் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவன் செருப்புச் சத்தம் கேட்டதும் பேச்சு நின்றுபோனது.

அவளுடைய காரியம் முடிந்த மறுநாள் அவன் மறுபடியும் அந்த வார்டுக்கு வந்தான்.

"அன்னிக்கு அவ என்ன சொன்னா, சிஸ்டர்?"

"உங்ககிட்ட சொல்ல வேணாம்னாங்க, சார்."

"இப்பதான் அவ இல்லையே."

"அதனாலதான் சார். இனிமே வந்து என் வாயைப் பொத்த அவங்களால முடியாதே, நானேதான் பொத்திக்கணும். வைத்தியத்துக்கு வேண்டியதா இருந்தா அன்னிக்கே டாக்டர்கிட்ட சொல்லியிருப்பேன்."

"என்னைப் பத்தியா? அதை மட்டுமாவது சொல்லுங்க."

பொற்கொடி அவனுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். பிறகு அதே கட்டிலில் இப்போது படுத்திருந்த பெண்ணிடம் போய்த் திரையை இழுத்துவிட்டாள். அந்தப் பெண் ஏதோ முணுமுணுக்க, பொற்கொடி தாழ்ந்த குரலில் சிரிப்பது கேட்டது.

தாரணியின் சிரிப்பு ஒன்று இங்கே இன்னும் பத்திரமாக இருப்பதாக அவனுக்குத் தோன்றியது. கிளம்பும்போது திரையின் ஓரத்தில் ஒரு சின்ன இடைவெளியைக் கவனித்தான். உள்ளே பார்க்காமல் அதை இழுத்து மூடினான்.

"ரொம்ப நன்றி, சிஸ்டர்" என்றான்.